ரெசின் விண்கலக் கிட் கட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறிவியல் புனைவு விண்கலங்களின் ரெசின் கிட்டுகளைப் பற்றி யாரிடம் பேசினாலும் சுற்றிச் சுற்றி இதே கேள்விகள்தான் வருகின்றன. ஆளுக்கு ஒருமுறை பதில் எழுதிச் சலித்துப்போய், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுவைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். பலரும் கேட்பது பெயின்டைப் பற்றித்தான். ஆனால் இங்கே பாதிக்கு மேல் பெயின்டுக்கு முந்தைய வேலைகள். ரெசினில் காரியம் கெடுவதும் அங்கேதான்.

ரெசின் கிட்டுன்னா என்ன? கடையில விக்கிற பிளாஸ்டிக் மாடல் கிட் மாதிரிதானே?

கட்டி முடித்தபின் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், செய்முறைதான் வேறு. கடையில் கிடைக்கும் கிட், பாலிஸ்டைரீனை உருக்கி எஃகு அச்சுக்குள் அழுத்திச் செலுத்திச் செய்தது. பாகங்கள் மெல்லிய ஓடுகளாக, ஒரு சட்டத்தில் கோத்தபடி வரும். ரெசின் கிட்டில் பாலியூரித்தேன். இரண்டு திரவங்களைக் கலந்து, சிலிக்கோன் ரப்பர் அச்சில் கையால் ஊற்றுவார்கள். அது அங்கேயே இறுகிவிடும்.

இதனால் பாகங்கள் பெரும்பாலும் உள்ளே வெற்றிடம் இல்லாத கெட்டியான கட்டிகள். எடை அதிகம். ஒன்றோடொன்று பொருந்த முளையும் குழியும் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். குறிப்புத்தாளும் பல சமயம் ஒரே பக்கம்தான்.

இவ்வளவு சின்னப் பெட்டிக்கு இவ்வளவு விலையா?

எஃகு அச்சு செய்யப் பெரும் பணம் ஆகும், ஆனால் அதிலிருந்து லட்சக்கணக்கில் பிரதி எடுக்கலாம். சிலிக்கோன் அச்சு மலிவு. ஆனால் சில பத்துப் பிரதிகள் எடுப்பதற்குள் கிழிய ஆரம்பித்துவிடும், நுணுக்கங்கள் மழுங்கும், புதிதாகச் செய்ய வேண்டும். ஊற்றுவது, உரிப்பது, சரிபார்ப்பது எல்லாம் கைவேலை. பெரிய நிறுவனங்கள் சீண்டாத, நூறு பேர் மட்டுமே விரும்பும் ஒரு கலம் கிட்டாக வருவதும் இந்த முறையால்தான். அதற்கான விலை அது.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அஞ்சல் செலவும் சுங்க வரியும் சேரும். கெட்டி ரெசின் என்பதால் அஞ்சல் செலவே கணிசம். வாங்கும் முன் மொத்த எடையை விற்பவரிடம் கேட்டுவிடுங்கள்.

3டி பிரிண்டர்ல ஊத்துற ரெசினும் இதுவும் ஒண்ணா?

இல்லை. பிரிண்டர் ரெசின் புற ஊதா ஒளி பட்டு இறுகும் அக்ரிலேட் வகை. இப்போது சிறு தயாரிப்பாளர்கள் பலர் அச்சில் ஊற்றி வார்ப்பதை விட்டுவிட்டு நேராகப் பிரிண்டரில் அச்சடித்தே அனுப்புகிறார்கள். ஆகவே எது வந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மேற்பரப்பில் ரேகை ரேகையாக மெல்லிய படிகள், தாங்குகுச்சிகளை உடைத்த புள்ளிகள் இருந்தால் அது அச்சடித்தது.

அச்சடித்த பாகம் பொதுவாக எளிதில் நொறுங்கும், கீழே விழுந்தால் சில்லாகலாம். உள்ளே கூடாக இருந்தால் இறுகாத ரெசின் மிச்சம் தங்கி, சில மாதங்கள் கழித்து விரிசல் விட்டு ஒழுகுவதும் உண்டு. தொட்டால் பிசுபிசுப்பாக இருந்தால் கையுறை போட்டுக்கொண்டு ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் கழுவி, நன்றாக உலரவிட்டு, வெயிலில் வையுங்கள். இறுகாத ரெசின் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும். இனி வரும் பதில்கள் வார்த்த பாலியூரித்தேனுக்கானவை. பசை, பிரைமர் (பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு), பெயின்ட் விஷயங்கள் இரண்டுக்குமே பொருந்தும்.

முதல் கிட்டே ரெசினா வாங்கலாமா?

நான் வேண்டாம் என்பேன். ஒரு பிளாஸ்டிக் கிட்டாவது கட்டிப் பழகிவிட்டு வாருங்கள். ஆசைப்பட்ட கலம் ரெசினில் மட்டும்தான் இருக்கிறது என்றால், பத்துப் பதினைந்து பாகங்களுக்குள் முடியும் சின்னதாக எடுங்கள்.

அளவு விகிதத்தையும் கவனியுங்கள். கதையில் 300 மீட்டர் நீளமுள்ள கலம் 1/1400 விகிதத்தில் 21 செ.மீ., 1/1000இல் 30 செ.மீ., 1/350 என்றால் கிட்டத்தட்ட 86 செ.மீ. படத்தில் எல்லாம் ஒரே அளவாகத்தான் தெரியும். 86 செ.மீ. கெட்டி ரெசினை வைக்க அலமாரி மட்டுமல்ல, அதைத் தாங்கும் பலகையும் வேண்டும்.

பெட்டி வந்தாச்சு. முதல்ல என்ன செய்யணும்?

பாகங்களை எண்ணுங்கள். குறிப்புத்தாளோடு ஒப்பிட்டு, குறைந்தது, உடைந்தது, இரண்டு பாதி அச்சும் நகர்ந்து வார்ப்பு விலகியது எல்லாவற்றையும் படம் எடுத்து அன்றே விற்பவருக்கு அனுப்புங்கள். அச்சு கிழிந்துபோவதற்குள் கேட்டால் கிடைக்கும். ஒரு வருடம் கழித்துக் கேட்டால் அந்த அச்சே இருக்காது.

அப்புறம் கழுவ வேண்டும். அச்சிலிருந்து பாகம் சுலபமாகக் கழன்று வர ஒரு வழுக்குப் பொருள் பூசியிருப்பார்கள். அது மேலே இருக்கும்வரை பசையும் பிடிக்காது, பெயின்டும் பிடிக்காது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, பழைய பல்துலக்கியால் இண்டு இடுக்கெல்லாம் தேய்த்து, அலசிக் காயவையுங்கள். தொட்டியில் போட்டுக் கழுவுவதாக இருந்தால் வடிகால் ஓட்டையை அடைத்துக்கொள்ளுங்கள்; சின்னப் பாகங்கள் போனால் போனதுதான்.

ரெசின் தூசி விஷம்னு சொல்றாங்களே, வீட்ல குழந்தைங்க இருக்காங்க.

இறுகிய ரெசின் கட்டியாக இருக்கும்போது எதுவும் செய்யாது. தேய்க்கும்போது வரும் நுண்தூசிதான் பிரச்சினை; அது நுரையீரலுக்குள் போகவே கூடாது. தண்ணீர் தொட்டுத் தேய்ப்பதே சிறந்த வழி. அதற்கான உப்புத்தாளை வன்பொருள் கடையில் 'வாட்டர் பேப்பர்' என்று கேட்டால் தருவார்கள். தூசி சேற்றுக் குழம்பாகத் தண்ணீரிலேயே தங்கிவிடும். காயும் முன் துடைத்துவிடுங்கள், காய்ந்தால் மறுபடி தூசிதான்.

உலர்ந்தபடி தேய்த்தாலும் மோட்டார் கருவியால் குடைந்தாலும் என்95 முகக்கவசம் கட்டாயம். ஆனால் அது தூசியை மட்டும்தான் தடுக்கும், தின்னர் ஆவியைத் தடுக்காது. ஸ்ப்ரே செய்யும்போது கரிமக் கரைப்பான் ஆவிக்கான வடிகுப்பி பொருத்திய கவசம் வேண்டும், சன்னலும் திறந்திருக்க வேண்டும். இன்னொன்று: சூடு காட்டிய கத்தியால் ரெசினை வெட்டுவது சுலபம் என்று சில காணொளிகளில் காட்டுகிறார்கள். செய்யாதீர்கள். பாலியூரித்தேன் கருகினால் வரும் புகையில் ஹைட்ரஜன் சயனைடு வரை இருக்கலாம்.

பாகத்து மேல பெரிய கட்டை ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு, அது கலத்தோட பாகமா?

இல்லை, ரெசினை ஊற்றிய வாய் அது. ரம்பத்தால் அல்லது வெட்டுக் குறட்டால், பாகத்தை ஒட்டி வெட்டாமல் ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி வெட்டுங்கள். மிச்சத்தை அரத்தாலும் தாளாலும் இழைத்துக் கொண்டுவரலாம். ஒட்டி வெட்டினால் பாகத்திலிருந்தே ஒரு சில்லு பெயர்ந்துவிடும். வெட்டிய கட்டைகளை எறிந்துவிடாதீர்கள். பசை, பிரைமர், தின்னர் எதையும் முதலில் சோதித்துப்பார்க்க அதைவிட நல்ல பொருள் கிடையாது.

விளிம்புகளில் தொங்கும் மெல்லிய பிசிறைக் கத்தியால் சுரண்டினால் போதும். அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த கோடு ஒன்று பாகத்தைச் சுற்றி ஓடும், அதையும் விடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டால் நகத்தால் தடவிப்பாருங்கள்.

தட்டு மாதிரி இருக்க வேண்டிய பாகம் அப்பளம் மாதிரி வளைஞ்சு வந்திருக்கு. திருப்பி அனுப்பலாமா?

அனுப்ப வேண்டியதில்லை. சூடு பட்டால் பாலியூரித்தேன் இளகும். கொதிப்பதற்குக் கொஞ்சம் கீழே, 70 முதல் 80 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும் தண்ணீரில் போடுங்கள். மெல்லிய பாகத்துக்கு அரை நிமிடம் போதும், தடித்ததற்குச் சில நிமிடங்கள். எடுத்து ஒரு சமமான டைல்ஸ் மேல் வைத்து அழுத்தி, அப்படியே பச்சைத் தண்ணீரில் இறக்கினால் அந்த வடிவத்திலேயே நிற்கும். ஒரே மூச்சில் நிமிர்த்தப் பார்க்காமல் இரண்டு மூன்று தடவையாகச் செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இப்படி நிமிர்த்திய பாகம் மறுபடி சூடு கண்டால் பழைய வளைவை நோக்கிப் போகும். நீளமான மெல்லிய பாகமாக இருந்தால் உள்ளே ஒரு பித்தளைக் கம்பி போடுவது நல்லது. எப்படி என்பது அடுத்த இரண்டு பதில்களில் வருகிறது.

பிளாஸ்டிக் கிட்டுக்கு வாங்கின சிமென்ட் வீட்ல இருக்கு. அதே போதுமா?

போதாது. அந்த சிமென்ட் பாலிஸ்டைரீனைக் கரைத்து இரண்டு பாகங்களையும் ஒன்றாக உருக்கிச் சேர்ப்பது. பாலியூரித்தேனை அது கரைக்காது, காய்ந்ததும் கையோடு வந்துவிடும். ஃபெவிக்விக் போன்ற சயனோஅக்ரிலேட் பசையோ, அரால்டைட் போன்ற இரண்டு குழாய் எப்பாக்ஸியோதான் வேண்டும். சின்னப் பாகத்துக்கு முன்னது. எடை தாங்க வேண்டிய இடத்திலும், ஒட்டியபின் நகர்த்திச் சரிசெய்ய அவகாசம் வேண்டிய இடத்திலும் பின்னது. ஒட்டும் முகங்களை 320 எண் தாளால் சொரசொரப்பாக்கிக்கொள்ளுங்கள்.

கண்ணாடி போன்ற தெளிந்த பாகங்களுக்கு சயனோஅக்ரிலேட் வேண்டாம். காயும்போது எழும் ஆவி சுற்றிலும் வெள்ளையாகப் படியும். காற்றில் ஈரம் அதிகமான நாட்களில் இது இன்னும் மோசம். அங்கே ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை போதும்.

ஒட்டின எஞ்சின் கை ரெண்டாம் நாளே விழுந்திடுச்சு. பசை போலியா?

பசையின் மேல் பழி போடுவதற்கு முன், கழுவினீர்களா, சொரசொரப்பாக்கினீர்களா என்று பாருங்கள். இரண்டும் செய்திருந்தால் எடைதான் காரணம். கெட்டி ரெசின் எஞ்சினை ஒரு மெல்லிய கையின் நுனியில் தொங்கவிட்டால், பசையின் மெல்லிய படலம் மட்டும் எத்தனை நாள் தாங்கும்? கம்பி போட வேண்டும்.

விரலால் சுழற்றும் சின்னத் துளைக்கருவியை 'பின் வைஸ்' என்பார்கள். ஒரு பாகத்தில் 1 மி.மீ. துளை போட்டு, பித்தளைக் கம்பியைச் செருகி, நுனியில் ஒரு பொட்டு பெயின்ட் வைத்து எதிர்ப் பாகத்தோடு சேர்த்து அழுத்துங்கள். கறை பட்ட இடத்தில் துளை போட்டால் நேராகப் பொருந்தும். கம்பியை எப்பாக்ஸியால் ஒட்டுங்கள். பெரிய எஞ்சினுக்கு ஒரு கம்பி போதாது, சுழன்றுவிடும், இரண்டு போடுங்கள். பசை காயும்வரை எல்லாம் நேராக நிற்க ஒரு தாங்கியும் தேவை. விண்கலத்தில் இடமும் வலமும் ஒரு டிகிரி மாறினாலும் எதிரே நின்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும்.

தேய்க்கத் தேய்க்கப் புதுசு புதுசா ஓட்டை வருதே?

ஊற்றும்போது சிக்கிய காற்றுக் குமிழிகள் அவை. மேல்தோலுக்கு அடியிலேயே இருந்திருக்கும், தேய்த்ததும் வாய் திறக்கும். நல்ல தயாரிப்பாளர்கள் காற்றழுத்தப் பாத்திரத்தில் வைத்து வார்ப்பதால் குறைவாக இருக்கும். மேலோட்டமாக மூடாதீர்கள். துளைமுனையால் ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கி, அடிவரை நிரப்பினால்தான் திரும்ப வராது.

சின்ன ஓட்டைக்கு ஒரு சொட்டு சயனோஅக்ரிலேட்டே போதும். அதை இரவு முழுக்க விட்டால் சுற்றியுள்ள ரெசினைவிடக் கடினமாகி, தேய்க்கும்போது சுற்றுப்புறம் பள்ளமாகி இது மேடாக நிற்கும். இறுகிய சூட்டோடு தேய்த்துவிடுங்கள். முகப்பவுடர் கலந்து குழைத்தால் தேய்ப்பது சுலபம். சமையல் சோடா கலந்தால் நொடியில் கல்லாகிவிடும், அதைக் கண்ணுக்குத் தெரியாத உள்பக்கத்தில் மட்டும் வையுங்கள். பாகங்களுக்கு இடையே பெரிய சந்து இருந்தால் எம்-சீல் போன்ற எப்பாக்ஸி மாவு. ஈர விரலால் வழித்து மட்டப்படுத்தினால் பின்னால் தேய்க்கும் வேலை பாதியாகும்.

பிரைமர் இல்லாம நேரா பெயின்ட் அடிச்சா என்ன?

உரியும். பெயின்ட் படக்கூடாத இடத்தை மூட ஒட்டிய மாஸ்க்கிங் டேப்பை எடுக்கும்போது பெயின்ட் மொத்தமாக டேப்போடு வரும். நீர் கலந்த அக்ரிலிக் என்றால் சந்தேகமே வேண்டாம். லாக்கர் வகை (தின்னரில் கரையும், சீக்கிரம் உலரும் பூச்சு) பிரைமர் நன்றாகப் பிடிக்கும். கார் பம்பருக்கு அடிக்கும் பிளாஸ்டிக் பிரைமரும் பிடிக்கும், அதை முதலில் வெட்டிவைத்த கட்டையில் அடித்துப்பாருங்கள். கிட்டில் பாலிஸ்டைரீன் பாகமும் கலந்து வந்திருந்தால் ஆட்டோ பெயின்ட் கடைத் தின்னர் அதைக் கரைத்துவிடும்.

பிரைமருக்கு இன்னொரு வேலையும் உண்டு. ரெசினின் வெளிர் நிறத்தில் கீறலும் ஓட்டையும் கண்ணுக்குத் தெரியாது. சாம்பல் பிரைமர் அடித்ததும் எல்லாம் பளிச்சென்று தெரியும். அப்போது மனம் தளராமல் திரும்பப் போய் நிரப்பித் தேய்த்து மறுபடி அடிக்க வேண்டும். எனக்குத் தெரிந்து யாரும் முதல் பூச்சோடு தப்பித்ததில்லை.

மழைக்காலத்தில் லாக்கர் அடித்தால் மேலே வெண்மையாக மூடாக்குப் போட்டுவிடும், காற்றின் ஈரம் படிவதால். ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் உட்கார்ந்துகொண்டு அவசரப்படாதீர்கள். மெதுவாக உலரவைக்கும் ரிடார்டர் சேர்க்கலாம், அல்லது வெயில் வரும்வரை சந்துகளைத் தேய்த்துக்கொண்டிருக்கலாம்.

என் கலத்துக்குச் சரியான சாம்பல் நிறம் எது? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

அவரவர் பார்த்தது அவரவருக்கு. ஸ்டார் ட்ரெக் தொடரின் எண்டர்பிரைஸை எடுத்துக்கொள்ளுங்கள். படப்பிடிப்புக்கு 1964இல் கட்டிய, சுமார் 3.4 மீட்டர் நீள மாதிரி இன்னும் இருக்கிறது. வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் தேசிய வான்-விண்வெளி அருங்காட்சியகத்தில். 2016இல் சீரமைத்து வைத்தபோது, வட்டத் தட்டின் மேற்பக்கத்தில் தப்பியிருந்த பழைய பூச்சைத்தான் ஆதாரமாகக் கொண்டார்கள். அது வெளிர் சாம்பல். திரையிலோ விளக்குக்கும் படச்சுருளுக்கும் ஏற்ப வெள்ளையாகவும் நீலம் ஓடியதாகவும் தெரியும். மாதிரி கையில் இருக்கும் கலத்துக்கே இந்த நிலை.

ஆகவே மாதிரியின் நிறமா, திரையில் கண்ட நிறமா என்று முதலில் முடிவு செய்யுங்கள். நான் திரைப் பக்கம். சின்ன அளவு மாதிரிக்கு நிறத்தை ஒரு படி வெளுப்பாகக் கலந்தால் தொலைவில் இருக்கும் பெரிய பொருளாகத் தெரியும். பளபளப்பும் வேண்டாம்; பளபளத்தால் பொம்மை என்று காட்டிக்கொடுத்துவிடும்.

டெக்கால் ஒட்டினா சுத்தி வெள்ளி மாதிரி மினுங்குது.

டெக்கால் என்பது தண்ணீரில் நனைத்து ஒட்டும் எழுத்து, சின்னப் படலம். சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று தங்கி அப்படி மினுங்கும். முதலில் பளபளப்பு வார்னிஷ், அதன்மேல் டெக்கால், மேடு பள்ளத்தில் படிய மென்மையாக்கும் திரவம், கடைசியில் எல்லாவற்றையும் மூடி மங்கல் வார்னிஷ். முந்தைய பதிலில் வேண்டாம் என்ற பளபளப்பு இங்கே இடைக்காலத்துக்கு மட்டும்.

சிறு தயாரிப்பாளர்களின் டெக்கால் தாளில் ஒரு பொறி இருக்கும். தாள் முழுக்க ஒரே படலமாக இருந்தால் ஒவ்வொரு எழுத்தையும் சின்னத்தையும் ஓரத்தை ஒட்டி நீங்கள்தான் வெட்டி எடுக்க வேண்டும். பழைய தாள் தண்ணீரில் போட்டதும் துண்டு துண்டாகலாம். ஒரு மூலையை வெட்டிப் போட்டுப்பாருங்கள். உடைந்தால் தாள் மேல் வார்னிஷ் ஒரு பூச்சு அடித்துக் காயவைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

உள்ளே எல்இடி போட்டு சன்னல் எல்லாம் எரியவிடணும். முடியுமா?

முடியும், ஆனால் கெட்டிப் பாகத்தைக் குடைந்தாக வேண்டும். தூசி பற்றி மேலே சொன்னதை மறுபடி படித்துவிட்டு ஆரம்பியுங்கள். சன்னல்களுக்கு 0.25 அல்லது 0.5 மி.மீ. ஒளியிழைகளை வெளியிலிருந்து செருகி, உள்ளே ஒரு கட்டாகச் சேர்த்து ஒரே எல்இடியின் முன் நிறுத்துவது வழக்கம். ஒளியிழைக்கு சயனோஅக்ரிலேட் போடாதீர்கள், இழை மொறுமொறுப்பாகி ஒடிந்துவிடும். வெள்ளைப் பசை அல்லது எப்பாக்ஸி போடுங்கள்.

மின்சாரக் கணக்கு எளிது. கைபேசி சார்ஜர் தருவது 5 வோல்ட், வெள்ளை எல்இடிக்குச் சுமார் 3 வோல்ட். மீதி 2 வோல்ட்டை 10 மில்லி ஆம்பியரால் வகுத்தால் 200 ஓம். கடையில் 220 கிடைக்கும், அதை ஒவ்வொரு எல்இடிக்கும் ஒன்றாகப் போடுங்கள். மெல்லிய ரெசின் சுவர் வழியாக வெளிச்சம் கசிந்து கலமே அகல்விளக்காக ஒளிரும். அதைத் தடுக்க உட்புறம் முழுக்கக் கறுப்பு, அதன்மேல் வெள்ளை அல்லது வெள்ளி. மூடி ஒட்டும் முன் ஒரு இரவு முழுக்க எரியவிட்டுப் பாருங்கள்.

கம்பியை எங்கே மறைப்பது என்று கவலைப்படுபவர்களுக்கு: அந்த எண்டர்பிரைஸ் மாதிரியிலேயே விளக்குக் கம்பிகள் இடப்பக்கம் வழியாக வெளியே வந்தன. அதனால் வலப்பக்கத்தையே காட்டிப் படமெடுத்தார்கள். நீங்கள் தாங்குதண்டைப் பித்தளைக் குழாயாக வைத்து அதற்குள் விட்டுவிடலாம்.

அதே கிட் பாதி விலையில வேற இடத்துல கிடைக்குது. வாங்கலாமா?

பெரும்பாலும் அது திருட்டுப் பிரதி. அசல் கிட் ஒன்றை வாங்கி, அதையே மூலமாக வைத்து அச்சு எடுத்து விற்பார்கள். வார்ப்பு இறுகும்போது சற்றுச் சுருங்கும் என்பதால் பிரதி அசலைவிட நூல் அளவு சிறியது. அசலுக்கென்று செய்த டெக்காலும் விளக்குத் தொகுப்பும் சரியாக உட்காராது. நுணுக்கம் மழுங்கியிருக்கும், மேலே சொன்ன குமிழித் தொல்லை இரட்டிப்பாகும். மூலத்தைச் செதுக்கியவருக்கு ஒரு காசும் போகாது. அவர் அடுத்த கலத்தைச் செய்ய மாட்டார்.

கலத்தின் உரிமையாளர்களிடம் உரிமம் பெற்றதா என்பது தனிக் கேள்வி. ஜப்பானில் சீபா நகரின் மகுஹாரி மெஸ்ஸேயில் ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும் வொண்டர் ஃபெஸ்டிவல் என்ற மாடல் கிட் விழாவில், அந்த ஒரு நாள் மட்டும் விற்க உரிமையாளர்கள் அனுமதி தரும் ஏற்பாடு இருக்கிறது. அப்படி வாங்கிய கிட்டுகள் பிறகு மறுவிற்பனையில் அதிக விலைக்கு வரும். வாங்கினால் பெட்டி, உரிம ஒட்டுச்சீட்டு, குறிப்புத்தாள் மூன்றும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கட்டி ரெண்டு வருஷத்துல இறக்கை தொங்கிடுச்சு. இப்ப என்ன செய்ய?

எடையும் சூடும் சேர்ந்தால் ரெசின் மெல்ல மெல்லத் தொங்கும். மேற்குப் பார்த்த சன்னல், மொட்டைமாடி அறை, வெயிலில் நிறுத்திய கார் மூன்றும் ஆகாது. பெயின்ட் அடித்த பாகத்தை வெந்நீரில் போட முடியாது. முடி உலர்த்தியைத் தள்ளிப் பிடித்து, மிதமான சூட்டில் இளக்கி, நிமிர்த்தி, அது குளிரும்வரை முட்டுக்கொடுத்துப் பாருங்கள். டெக்கால் சுருங்க ஆரம்பித்தால் உடனே நிறுத்துங்கள்.

நிமிர்ந்தாலும் கம்பி இல்லாமல் நிற்காது. அடிப்பக்கத்தில், பார்வைக்குப் படாத இடத்தில் ஒரு பள்ளம் கீறி, இறக்கையின் நீளத்துக்குப் பித்தளைக் கம்பியைப் பதித்து எப்பாக்ஸியால் மூடி, அந்தப் பட்டைக்கு மட்டும் பெயின்ட் அடித்துவிடலாம். தாங்குதண்டு எடையின் மையத்துக்கு நேர் கீழே இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். கலத்தை விரல் நுனியில் நிறுத்திப்பார்த்தால் அந்த இடம் தெரிந்துவிடும்.